தட்டு சுற்றுகிறது, பாட்டைக் காணோம்

? 2004-ல் தங்கை கல்யாணத்து நாதஸ்வரத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் சி.டி.யாக எழுதினேன். இங்கே ஜோராகப் பாடியது. மாப்பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டரிலோ, போட்ட பிறகும் 'டிஸ்க்கைப் போடவும்' என்றது. வெறும் தட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டோம் என்று சம்பந்தியம்மாள் இன்றும் சொல்லிக் காட்டுகிறார். (கும்பகோணம் வாசகர்)

தட்டில் நாதஸ்வரம் இருக்கிறது, பொருளடக்கம்தான் இல்லை. எந்தப் பாட்டு எந்த நிமிஷத்தில் ஆரம்பம் என்ற அட்டவணை சி.டி.யின் உள்வட்டத்தில் இருக்க வேண்டும். படிக்க மட்டும் தெரிந்த டிரைவ் முதலில் அதைத்தான் தேடும். கடைசியில் 'ஃபைனலைஸ்' செய்தால்தான் அந்த அட்டவணை எழுதப்படும். நீங்கள் அதைச் செய்யாமலே பந்திக்குப் போயிருக்கிறீர்கள். உங்கள் பர்னர் அதுவரை தனக்கென்று ஒரு குறிப்பை இன்னும் உள்ளே தள்ளி எழுதி வைத்திருக்கும். அதைப் படிக்க இன்னொரு பர்னரால்தான் முடியும். பரிகாரம் சுலபம். எழுதத் தெரிந்த ஒரு யு.எஸ்.பி. டிரைவில் போட்டு, பர்னிங் மென்பொருளில் 'ஃபைனலைஸ்' கொடுத்துப் பாருங்கள். சம்பந்தியம்மாளுக்குப் பரிகாரம் என் கையில் இல்லை.

? ஒரிஜினல் சி.டி. எல்லா டிரைவிலும் பாடுகிறது. அதைப் பார்த்து எழுதிய காப்பி மட்டும் திக்குகிறது. இரண்டிலும் அதே ஒன்றும் பூஜ்யமும்தானே? (திருநெல்வேலி வாசகர்)

அதேதான். ஆனால் குடியிருக்கும் இடம் வேறு. கடைச் சி.டி.யில் பாட்டு என்பது அச்சில் வார்த்த குட்டிக் குட்டிப் பள்ளங்கள். மேலே அலுமினியப் பூச்சு, பட்ட வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சி.டி.-ஆர். தட்டில் பள்ளம் கிடையாது, ஒரு சாயப் படலம்தான் உண்டு. பர்னரின் லேசர் சுட்ட இடம் கறுக்கும், சுடாத இடம் பளிச்சிடும். படிக்கும் டிரைவ் அந்த வித்தியாசத்தைப் பள்ளமென்று நம்ப வேண்டும். பெரும்பாலும் நம்பிவிடுகிறது. லென்ஸில் தூசி, லேசருக்கு வயசு, மலிவுத் தட்டு மூன்றும் சேர்ந்தால் நம்ப மறுக்கிறது. அழித்து எழுதும் சி.டி.-ஆர்.டபிள்யூ. இன்னும் மோசம். அது திருப்பித் தருவது கால் பங்கு வெளிச்சம்கூட இல்லை. பழைய டிரைவ்கள் அதைச் சி.டி. என்றே ஒப்புக்கொள்வதில்லை.

இதில் டிரைவ்களை ரொம்பத் திட்டவும் முடியாது. பிலிப்ஸும் சோனியும் ஆடியோ சி.டி.க்கு 'ரெட் புக்' விதிகளை வகுத்தது 1980-ல். வீட்டில் எழுதும் தட்டு அப்போது யார் கணக்கிலும் இல்லை. முதல் தலைமுறை டி.வி.டி. டிரைவ்களின் கதை இதைவிட வேடிக்கை. சி.டி.-ஆர். சாயம் 780 நானோமீட்டர் லேசருக்காகச் செய்யப்பட்டது. டி.வி.டி.யின் சிவப்பு லேசரோ 650. அந்த வெளிச்சத்தில் சாயம் சரியாகப் பிரதிபலிக்காது, தட்டு காலியாகத் தெரியும். பிறகு ஒரே டிரைவுக்குள் சி.டி.க்கென்று இன்னொரு லேசரையும் குடிவைத்தார்கள்.

அப்படியானால் அதே காப்பி ஹால் பிளேயரில் மட்டும் எப்படிப் பாடுகிறது என்பீர்கள். டேட்டா சி.டி.யில் ஒரு செக்டாரின் 2352 பைட்டில் 2048-தான் சரக்கு. மீதி முகவரிக்கும் பிழை திருத்தத்துக்கும் போகிறது. ஆடியோவில் 2352-ம் பாட்டுக்கே, அந்தக் கூடுதல் காவல் இல்லை. சரிசெய்ய முடியாத இடம் வந்தால் ஹால் பிளேயர் முன்பின் சத்தத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக நிரப்பிவிட்டு நகர்ந்துவிடும். கம்ப்யூட்டர் டிரைவுகளில் பல, அதே இடத்தை விடாமல் திரும்பத் திரும்பப் படிக்கும். நீங்கள் கேட்கும் திக்கல் அதுதான்.

? சி.டி.யிலிருந்து 12 பாட்டையும் டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை! தட்டை வெளியே எடுத்ததும் ஒன்றுகூடப் பாடவில்லை. (காரைக்குடி வாசகி)

ஒரு நொடியில் முடிந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா அம்மா? ஆடியோ சி.டி.யில் ஃபைல் என்று எதுவும் கிடையாது. அங்கே தெரியும் '.சி.டி.ஏ.' எல்லாம் விண்டோஸ் நம் கண்ணுக்காகக் காட்டுவது, ஒவ்வொன்றும் 44 பைட். வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றி வந்துவிட்டு வீட்டையே தூக்கி வந்ததாக நினைத்துக்கொண்டீர்கள். மீடியா பிளேயரில் 'ரிப்' கொடுங்கள். சில நிமிஷம் ஆகும், பாட்டும் வரும்.

? பழைய எக்ஸ்.பி. கம்ப்யூட்டரில் நேரம் ஓடுகிறது, சத்தமில்லை. எம்.பி.3 மட்டும் பாடுகிறது. (சேலம் வாசகர்)

டிரைவின் முகப்பில் ஹெட்போன் துளை இருந்தால் செருகிக் கேளுங்கள். அங்கே பாடினால் தட்டும் டிரைவும் நிரபராதிகள். பின்பக்கத்திலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகும் மெல்லிய நாலு முனை ஒயரை, யாரோ தூசி தட்டும்போது பிடுங்கியிருக்கிறார்கள். ஒயர் கிடைக்காவிட்டால் டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய் 'டிஜிட்டல் சி.டி. ஆடியோ'வை டிக் செய்யுங்கள்.

? 'மியூசிக்' என்று அச்சிட்ட காலி சி.டி. விலை அதிகம். சத்தம் நன்றாக இருக்குமா?

இருக்காது. அமெரிக்காவில் 1992-ல் வந்த ஒரு சட்டம், வீட்டு ஸ்டீரியோ ரெக்கார்டருக்கான தட்டின்மேல் ராயல்டி விதித்தது. அந்தத் தட்டில் ஒரு அடையாளக் குறியீடு உண்டு. அது இல்லாவிட்டால் அந்த ரெக்கார்டர் எழுதாது. கம்ப்யூட்டர் பர்னர் அதைச் சட்டை செய்வதேயில்லை.

? ராகம் தானம் பல்லவி ஒன்றை மூன்று ட்ராக்காகப் பிரித்து எழுதினேன். தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் இரண்டு நொடி மௌனம். வித்வான் மூச்சு வாங்குவது போலவும் இல்லை. (மயிலாப்பூர் வாசகர்)

'ட்ராக்-அட்-ஒன்ஸ்' முறையில் எழுதியிருப்பீர்கள். ஒவ்வொரு ட்ராக் முடிந்ததும் லேசர் அணைந்து எரியும், நடுவே அந்த இரண்டு நொடி வந்துவிடும். 'டிஸ்க்-அட்-ஒன்ஸ்' தேர்ந்தெடுத்து, இடைவெளிக்குப் பூஜ்யம் போடுங்கள். லேசர் ஒரே வீச்சில் எழுதி முடிக்கும்.

? சி.டி.மேல் பால்பாயிண்ட் பேனாவில் 'ஸ்ரீராமஜெயம்' எழுதி வைத்திருக்கிறேன். அதனால்தான் இத்தனை வருஷம் பாடுகிறதோ? (ஸ்ரீரங்கம் வாசகி)

அது எழுதியும் பாடுகிறது, மாமி. கீழ்ப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கவசம் உண்டு. எழுதும் பக்கத்தில் மெல்லிய லாக்கர்தான், அதற்கு அடியிலேயே பூச்சும் சாயமும். பால்பாயிண்ட் அழுத்தினால் பாட்டின் மேலேயே கோலம். அடுத்த தட்டுக்கு மார்க்கர் பேனாவால், நடுவளையத்தை ஒட்டி, அழுத்தாமல் எழுதுங்கள். ஸ்ரீராமர் கோபித்துக்கொள்ள மாட்டார்.