‘வா’ என்றவர் ஏன் வரவில்லை?

கேள்வி: ஜப்பானிய நண்பரை ஞாயிறு விருந்துக்கு அழைத்தேன். “நிச்சியோபி வா, சொத்தோ...” என்று இழுத்தார். ‘ஞாயிறு, கொஞ்சம்’ என்றுதானே பொருள்? கொஞ்ச நேரமாவது வருவார் என்று சமைத்து வைத்தேன். வரவேயில்லை!

பதில்: அவர் அப்போதே மறுத்துவிட்டார். ‘வா’ என்பது ‘ஞாயிறு என்றால்’ என்று அந்த நாளைத் தனியே பிரித்துக் காட்டுகிறது. ‘சொத்தோ’வுக்குப் பின் வரவேண்டிய ‘கஷ்டம்’ அவர் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. நாமும் “ஞாயித்துக்கிழமைன்னா... கொஞ்சம்...” என்று இழுப்போமே, அதேதான். காரணம் கேட்காதீர்கள், எந்த நாள் வசதி என்று கேளுங்கள்.

கேள்வி: அந்த ‘வா’வை ‘ஹ’ எழுத்தில் எழுதுகிறார்களே, ஏன்?

பதில்: பழைய எழுத்துமுறையின் மிச்சம் அது. ஆற்றைக் குறிக்கும் ‘காவா’வைக்கூட ஒரு காலத்தில் ‘காஹா’ என்றே எழுதினார்கள். 1946 சீர்திருத்தம் எழுத்தை உச்சரிப்புக்கு இணங்க மாற்றியது. வா, ஒ, எ என்ற மூன்று உருபுகளுக்கு மட்டும் பழைய எழுத்தே நீடித்தது.

கேள்வி: எழுவாய்க்குப் பின் ‘வா’ போடுவதா, ‘கா’ போடுவதா?

பதில்: பாட்டி கதை சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜா...” புதிதாக நுழையும் ‘ஒரு ராஜா’வுக்குக் ‘கா’. அறிமுகமாகிவிட்ட ‘அந்த ராஜா’வுக்கு ‘வா’. ‘யார் வந்தது?’ என்றால் கேள்வியிலும் விடையிலும் ‘கா’தான், அங்கே ஆள்தானே புதுச் செய்தி!

கேள்வி: உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம், ‘வஸாதோ’ வந்ததற்கு நன்றி என்றேன். முகம் மாறிவிட்டது.

பதில்: ‘வேண்டுமென்றே வந்ததற்கு நன்றி’ என்று சொல்லியிருக்கிறீர்கள்! நீங்கள் தேடிய சொல் ‘வஸாவஸா’. நம் ‘மெனக்கெட்டு’க்கு நேர் உறவு அது. தன் வேலையைப் போட்டுவிட்டு வந்தவரின் சிரமம் அதற்குள் இருக்கிறது. ஆனால் “மெனக்கெட்டு இதைச் சொல்லவா வந்தே?” என்று நாம் குத்துவதுபோல் அதாலும் குத்த முடியும். தொனியைக் கவனியுங்கள்.

கேள்வி: ‘பூங்காவில் மரம் இருக்கிறது’, ‘பூங்காவில் விளையாடுகிறேன்’. தமிழில் ‘இல்’ ஒன்றே போதும். ஜப்பானியத்தில் ஏன் ‘நி’, ‘தே’ என இரண்டு?

பதில்: மரம் இருக்கும் இடத்துக்கு ‘நி’, செயல் நடக்கும் இடத்துக்கு ‘தே’. ‘இருக்கிறது’ என்னும் ‘அரிமாசு’ வந்தாலே ‘நி’ என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். ஜூலையில் கியோத்தோவில் கியோன் திருவிழா இருக்கிறது என்பதற்கும் ‘அரிமாசு’தான், ஆனால் இடத்துக்குப் பின் ‘தே’ வரும். திருவிழா நடப்பது அல்லவா!

கேள்வி: “சாப்பிட்டாச்சா?” என்றார்கள். “தாபேமாசென் தெஷிதா” என்றேன். ஆசிரியர் திருத்தினார். சாப்பிடவில்லை என்பது சரிதானே?

பதில்: நம் ‘சாப்பிடவில்லை’ இரண்டு வேலை பார்க்கிறது. நீங்கள் சொன்னது ‘சாப்பிடாமலே விட்டுவிட்டேன்’ என்று கதவை மூடிவிடும். ‘இன்னும் இல்லை’ என்றால் “மாதா தாபேதே இமாசென்”. ‘மாதா’, அதாவது ‘இன்னும்’, கதவைத் திறந்து வைக்கும், இலை போடுவார்கள்.

கேள்வி: ஜப்பானிய இரட்டைக்கிளவிகளைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். கூழாங்கல் உருண்டால் ‘கொரோகொரோ’. பாறை உருண்டாலும் இடி இடித்தாலும் அதே சொல், ‘கங்கை’யின் முதல் எழுத்தைப் போல அழுத்தி ஒலிக்கும். நம் ‘க’ இரண்டுக்கும் பொது என்பதால் உங்கள் நோட்டில் கூழாங்கல்லும் பாறையும் ஒன்றாகிவிடும். ஜப்பானிய எழுத்தில் ஓரமாக இரண்டு சிறு கோடுகள் போதும், எடை கூடிவிடும். அந்த எழுத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி: இந்தச் சின்னச் சொற்களுக்கு அகராதி போதவில்லை. வேறு வழி?

பதில்: சொல்லுக்கு எதிரே பொருளை மட்டும் எழுதாதீர்கள். யார், யாரிடம், எதற்குப் பதிலாகச் சொன்னார் என்று எழுதுங்கள். அதே இடத்தில் உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ‘மெனக்கெட்டு’ போலச் சில உடனே அகப்படும். வெறுமையாக நிற்கும் இடங்களை ஜப்பானிய நண்பரிடம் கேளுங்கள். அடுத்த விருந்துக்கு அவரை அழைக்க அதுவே நல்ல சாக்கு.