புளோர் சந்தியில் ஒரு வீட்டுக்காரர்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரன் என்பது வெறும் கௌரவப் பட்டம். வீட்டு உறுதி மனிசியின் பேரில் இருக்கும். மட்டக்களப்பு வழமைப்படி, அவவின் தாய்வீட்டார் சீதனமாகக் கொடுத்த வளவுக்குள் ஒரு சூட்கேசோடு நுழைந்தவன் நான். மகள் கலியாணம் கட்டினபோது அந்த வீட்டை மகளுக்கு எழுதியாயிற்று. மகளோ களுதாவளையில் வீட்டையும் வெற்றிலைத் தோட்டத்தையும் விட்டுவிட்டு ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருக்கிறாள். இன்று நான் காவல் காப்பது மகளின் வீட்டை. சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு. ஆனாலும் வெளியே போனால் மனிசிக்கு முன்னே நாலு எட்டு வைத்து நடக்கும் உரிமையை மட்டும் நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அது பறிபோனது மகளைப் பார்க்கப் போன ரொறன்ரோவில், புளோர்-யங் சப்வே நிலையத்தில்.

மாறி ஏறுவது எனக்குப் புதிதல்ல. மண்டூர் முருகன் திருவிழாவுக்குப் போவதென்றால் களுவாஞ்சிகுடியில் வாகனம் மாறி, குருமண்வெளித் துறையில் படகுப் பாதை ஏறி, வாவியைக் கடக்க வேண்டும். எங்கே நிற்பது, எப்போது ஏறுவது, எல்லாம் என் கட்டளைதான். (மனிசிக்கும் வழி தெரியும் என்பது வேறு கதை.) கொழும்பு இரவு ரயிலில், மாகோவில் யாழ்ப்பாணப் பாதை பிரியுது, கல்ஓயாவில் திருகோணமலைப் பாதை பிரியுது என்று நித்திரையில் கிடக்கும் பெட்டி முழுவதற்கும் அறிவித்தபடி வருவேன். இதுவரை ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

புளோர்-யங்கில் என் அறிவிப்பு எடுபடவில்லை. ஒரே நிலையத்துக்குச் சுவரில் இரண்டு பெயர். மேல்தளச் சுவர் புளோர் என்கிறது. படியிறங்கினால் கீழ்ச்சுவர் யங் என்கிறது. மேலே வடக்கு தெற்காக ஓடும் பாதைக்கு மஞ்சள் நிறம், கீழே கிழக்கு மேற்காக ஓடுவதற்குப் பச்சை. ஸ்காபரோவிலிருந்து, கென்னடியில் ஏறி வருகிறவர்கள் பச்சையில் இறங்கி மஞ்சளுக்கு ஏற வேண்டும். நகரத்திலேயே ஆக நெரிசலான நிலையம் அது. காலையில் படிக்கட்டில் கால் வைத்தால் போதும், சனமே தூக்கிக்கொண்டு போய் மேலே விட்டுவிடும். மஞ்சள் பாதை ஆங்கில யூ எழுத்தாக வளைவதால், தெற்கே யூனியனுக்குப் போகிற ரயிலின் நெற்றியில் வடக்கே இருக்கிற வோகனின் பெயர் எழுதியிருக்கிறது. களுதாவளையில் கிழக்கே கடல், மேற்கே வாவி. கண்ணை மூடிக்கொண்டும் திசை சொல்லுவேன். அந்தத் திறமைதான் அங்கே என்னை நடுமேடையில் நிறுத்தி வைத்தது.

மனிசி திசை பார்ப்பதில்லை, நிறம் பார்ப்பா. “இஞ்ச வாங்க, மஞ்சள் மேல கிடக்கு” என்று சொல்லி முன்னே நடந்தா. பின்னால் நான், அவவின் கைப்பையைச் சுமந்தபடி.

இழந்த மதிப்பை மீட்கச் சரித்திரத்தைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மகள் வீட்டுக்கு யார் வந்தாலும் பிடித்து வைத்துச் சொல்வேன்: கனடாவின் முதலாவது சப்வே இந்த மஞ்சள் பாதை, 1954 மார்ச் 30 இல் திறந்தது. பச்சை 1966 பெப்ரவரியில் வந்தது. அப்போது ஆறு மாதம் ஒரு பரீட்சை நடத்தினார்கள். சில ரயில்கள் தாமாகவே பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பி ஓடின. சனம் இறங்கி ஏறத் தேவையில்லை. ஒரு பாதையில் சுணங்கினால் மற்றதும் சுணங்குகிறது என்று செப்டெம்பரில் கைவிட்டார்கள். அதற்காகப் பே நிலையத்துக்கு அடியில் கட்டிய மேடை, பயணிகள் இல்லாமல், சினிமாப் படப்பிடிப்புக்கு உதவுகிறது. இந்த இடத்தில் நான் குரலைத் தாழ்த்துவது வழக்கம். பேரன் ஒருநாள் அதே இடத்தில் குறுக்கிட்டான்: “அம்மப்பா, இப்ப எந்தப் பக்கம் ஏறுற?”

நிலையத்தைப் பற்றி மனிசிக்குத் தெரிந்த சரித்திரம் ஒன்றே ஒன்று. 2018 ஆகஸ்டிலிருந்து, பயணக் கார்டை ஒருதரம் தட்டினால் இரண்டு மணித்தியாலம் எங்கும் மாறி ஏறலாம், திரும்பியும் வரலாம். பிறகென்ன, கோயிலில் பூசை நடக்கும்போதே மணிக்கூட்டைப் பார்ப்பா. விபூதி வாங்கிய கையோடு ஓட்டம். தட்டும் பொறியில் பச்சை வெளிச்சம் வந்து, காசு கழியவில்லை என்று கண்டால் முகம் மலரும். ஒரு கட்டணம் மிச்சம் பிடித்த அன்று இரவு எனக்கு இடியப்பத்துக்கு இரண்டு கறி. பிந்திய நாளில் சம்பல் மட்டும். பிந்தியதற்குக் காரணம் என் விளக்கவுரை என்று தீர்ப்பு.

ஊருக்குத் திரும்பிய பிறகு, கனடா போகப் புறப்பட்ட தங்கச்சியின் மகன் வழி கேட்க வந்தான். கதிரையை இழுத்துப் போட்டு, “1954 ஆம் ஆண்டு...” என்று தொடங்கினேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த மனிசி தலை நிமிரவில்லை.

“மகன், பச்சையில வந்து இறங்கினா மேல ஏறு. மஞ்சளில வந்தா கீழ இறங்கு. மாமா சொல்றத பிளேனுக்குள்ள யோசி, அங்க நேரம் கிடைக்கும்.”

அவன் அவ சொன்னதை மட்டும் போனில் குறித்துக்கொண்டான்.