எட்டு நாள் பேரும் ஒரு பச்சைச் சட்டையும்

நிலைபேறான ஆடைகளை வாங்க விடாமல் உங்களைத் தடுப்பது எது? கேள்விக்குக் கீழே நான்கு கட்டங்கள்: விழிப்புணர்வு இல்லை, விலை அதிகம், கிடைக்கும் இடம் தெரியாது, டிசைன் பிடிக்கவில்லை. உலகம் முழுக்கச் சுற்றுகிற இந்த மாதிரிப் படிவங்கள் கொழும்புக்கும் வருகின்றன. ஏசி மண்டபத்தில் உட்கார்ந்து அவற்றைக் கூட்டிக் கழிக்கிற கனவான்களும் சீமாட்டிகளும் எந்த வழியாகப் போனாலும் முதல் கட்டத்துக்கே வந்து சேருகிறார்கள். சனத்துக்கு விழிப்புணர்வு போதாது. ஆகவே இன்னொரு கருத்தரங்கு. ஆகவே இன்னொரு பஃபே.

கொத்மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அந்தப் படிவம் வருவதில்லை. வராததும் நல்லதுதான். பூண்டுலோயாப் பக்கத்து மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு விழிப்புணர்வு ஊட்டக் கிளம்புகிறவர், முதலில் அவள் ஒரு சேலையை என்ன பாடுபடுத்துகிறாள் என்று பார்க்க வேண்டும். தீபாவளிக்கு எடுத்த சேலை முதல் இரண்டு வருஷம் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகும். பிறகு டவுனுக்கு இறங்கும். நிறம் மங்கியதும் மலைக்கு ஏறும். கரை நைந்துபோனால் ஒரு பாதி பிள்ளைக்குத் தொட்டில். மறு பாதி, கூடைக் கயிறு உச்சந்தலையை அறுக்காமலிருக்க மடித்து வைக்கிற துணி. அதற்கும் பிறகு சட்டி இறக்கும் பிடிதுணி, இஸ்தோப்பில் கால் துடைக்கும் மிதியடி, கடைசியாகப் பலகைச் சந்தில் காற்றடைக்கும் திரி. சுழற்சிப் பொருளாதாரம் என்று பிரஸ்ஸல்ஸில் கொள்கை அறிக்கை எழுதுகிறார்களே, அது இதுதான். இவளுக்குத்தான் வகுப்பு எடுக்க வேண்டுமாம். எடுங்கள். சோக்கட்டியை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

பழைய உடுப்பு வாங்கி உடுத்துங்கள், பூமி பிழைக்கும் என்று இன்னொரு போதனை. நுவரெலியா பேல் பஜாரில் பழையதும் மிச்சமும் கலந்து தொங்குகிற குளிர்ச்சட்டைகளைப் பேரம் பேசி வாங்கி, மூத்தவன் போட்டு, இளையவன் போட்டு, அடுத்த லயத்துப் பிள்ளைக்கும் கொடுத்த பரம்பரை இது. அதே பழைய சட்டையைக் கொழும்பு ஏழில் ஒருவர் போட்டால் அது வின்டேஜ், பத்திரிகையில் படம். தோட்டத்துப் பிள்ளை போட்டால் வகுப்பில் சிரிப்பு. சட்டை என்னவோ ஒன்றுதான்.

விலைக்கு வருவோம். ஐரோப்பாவில் இயற்கைப் பருத்தி, நியாய வர்த்தகம் என்றெல்லாம் சீட்டுத் தொங்கும் ஒரு சட்டை நாற்பது யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் காசில் சுமாராகப் பதினாலாயிரம் ரூபாய். 2026 வரவு செலவுத் திட்டம் சொன்ன கணக்கில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,550; வேலைக்கு வந்ததற்காக அரசு போடும் 200; ஆக 1,750. சட்டைக்கு எட்டு நாள் பேர், அதாவது எட்டு நாள் கூலி. அதுவும் முழுப் பேர். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர் என்பது தோட்டத்துச் சட்டம். அட்டை கடித்ததற்கும் மழை அடித்ததற்கும் அதில் விலக்கு இல்லை. சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் என்று கழித்துக்கொண்டே போய்க் கையில் மிஞ்சுவதில் சட்டை வாங்குவதா, அரிசி வாங்குவதா என்ற கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இந்த 1,750க்கு வந்த பாதையையும் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய் கேட்டு வருஷக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் ஏறியதும் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றப் படி ஏறின. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் தொழிலே நிலைக்காது என்றார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நிலைபேறு என்ற சொல் யாருடைய வீட்டுப் பிள்ளை என்று. கூலி ஏறினால் அது செத்துவிடும். தேயிலைப் பெட்டியில் பசுமைச் சான்றாகப் பச்சைத் தவளைப் படம் ஒட்டினால் உயிர்த்தெழும்.

சரி, மலிவுத் துணியை எப்படி வாங்குகிறார்கள்? அதையாவது அந்த ஏசி மண்டபத்தில் யாராவது கேட்டதுண்டா? சம்பளம் போட்ட மறுநாள் லயத்துக்குப் பொட்டணி வியாபாரி வருவார். இஸ்தோப்பில் மூட்டையை இறக்கி அவிழ்ப்பார். யார் வீட்டில் பிள்ளை பெரியவளானாள், யார் வீட்டில் எட்டாம் நாள் காரியம், யாருக்கு யார்மேல் கோபம், எல்லாம் அவருக்குத் தெரியும். "அக்கா, இத எடுங்க, இந்த மாசம் ஐநூறு குடுங்க, மிச்சத்தத் தீவாளிக்குப் பாத்துக்குவம்" என்று கொப்பியில் பெயர் எழுதுவார். அந்தக் கொப்பிக்கு அடையாள அட்டை வேண்டாம், வங்கிக் கணக்கு வேண்டாம். அதில் வட்டி விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்பது அக்காவுக்கும் தெரியும். தெரிந்தேதான் எடுக்கிறாள், ஏனென்றால் அவள் வாசலுக்குக் கடனோடு வந்த ஒரே கடை அதுதான். நிலைபேறான கடைகளும் தவணைக்குக் கொடுக்கின்றன. மூன்று தவணை, வட்டி இல்லை, வங்கி அட்டை மட்டும் இருந்தால் போதும். மட்டும்!

இனி யாரும் பேசாத ஒரு காரணம்: ஈரம். கொத்மலையில் மே மாசம் பிடித்த மழை செப்டெம்பர் வரை விடாது. ஒக்டோபரில் அடுத்தது தொடங்கும். இடையில் மூடுபனி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் ஆறு பேர், ஓர் அடுப்பு, சுவருக்குச் சுவர் ஒரு கொடி. பருத்திச் சட்டையைத் துவைத்துப் போட்டால் மூன்று நாளானாலும் கக்கத்திலும் கழுத்துப்பட்டியிலும் ஈரம் நிற்கும். பூஞ்சணம் கறுப்புக் கறுப்பாய்ப் பொட்டு வைக்கும். அவசரத்துக்கு அடுப்புக்கு மேலே கட்டினால் விறகுப் புகை ஏறிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை வாங்கிக் கட்டிக்கொள்ளும். பொலியெஸ்டர் அப்படியில்லை. இரவு பிழிந்து உதறிப் போட்டால் காலையில் போட்டுக்கொண்டு ஓடலாம். இரண்டே இரண்டு உடுப்பு வைத்திருக்கிறவளுக்கு, ஒன்று காய்வதற்குள் மற்றது அழுக்காகிவிடும் என்பதுதான் பெரிய கணக்கு. அவள் பொலியெஸ்டர் வாங்குவது அறியாமையால் என்று சொல்கிறவரின் சட்டை எந்த வெயிலில் காய்ந்தது?

அந்த வெயிலையும் நான் சொல்லிவிடுகிறேன். பழைய ஊர்களையும் வயல்களையும் மூழ்கடித்து 1985இல் திறந்த கொத்மலை அணைக்கட்டு, 201 மெகாவாட் மின்சாரத்துக்குக் கட்டியது. கொழும்பு மாடிவீட்டில் துணி உலர்த்தும் இயந்திரம் சுழல்கிறதே, அதில் இந்த மழையும் கொஞ்சம் சுழல்கிறது. மழை விழுகிற மலையில் சட்டை அடுப்புப் புகையில் காய்கிறது. செயற்கை இழை நுண்பிளாஸ்டிக்காகக் கழிந்து கடலில் சேருகிறது என்று ஆய்வாளர்கள் சொல்வது உண்மைதான். பீலியில் அலசுகிற தண்ணீர் கொத்மலை ஓயாவில் இறங்கி, மகாவலியில் கலந்து, திருகோணமலைக் கடல் வரைக்கும் போகிறது. அந்தப் பழியையும் பீலிக்கரையில் குனிந்து நிற்கிறவள் தலையில் வையுங்கள். கூடைக்குப் பழகிய தலை.

பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை எங்கிருந்து வருகிறது தெரியுமா? 2025க்குத் தேவையான துணி முழுவதையும் சீனா அன்பளிப்பாகத் தந்தது. விழா எடுத்து, கைலாகு கொடுத்து வாங்கிக்கொண்டோம். பொருள் ஏற்றுமதி வருமானத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கைத் தைத்த துணியில் சம்பாதிக்கிற நாடு, தன் பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்குக் கையேந்தி நிற்கிறது. வெட்கப்பட வேண்டியவர்கள் வெட்கப்படவில்லை; அவர்களுக்கு 2025இல் அமெரிக்கத் தீர்வை 44 வீதத்திலிருந்து 20க்கு இறங்கியதைக் கொண்டாடவே நேரம் போதவில்லை.

அந்தத் தைத்த துணியின் கதையும் நம் வீட்டுக் கதைதான். கட்டுநாயக்கவில் 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசா இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார். அம்மா கூடையைத் தூக்கினாள். மகள் பஸ் ஏறிப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். போர்டிங் அறையில் நாலு பேர், மணிக்கு இத்தனை உருப்படி என்று டார்கெட். 2006இல் ஆடைத் தொழில் முதலாளிகள் உலகத்துக்கு ஒரு முழக்கம் கொடுத்தார்கள்: குற்றவுணர்வு இல்லாத ஆடைகள்! 2008இல் துல்கிரியவில் பசுமைக் கட்டடத்துக்கான பிளாட்டினம் சான்றோடு ஓர் ஆடைத் தொழிற்சாலையும் எழுந்தது. நல்ல கட்டடம், நான் பழிக்கவில்லை. கூரையில் புல் வளர்க்கத் தெரிந்த தொழிலுக்குக் கூலியை வளர்க்க மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று என்றுதான் கேட்கிறேன். 2011 மே மாசம் கட்டுநாயக்கவில் ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்த தொழிலாளர்மேல் பொலிஸ் சுட்டது. ரொஷேன் சானக என்ற இளைஞன் செத்தான். குற்றவுணர்வு இல்லாத ஆடை என்றால் அது வாங்குகிறவருக்குத்தான். இங்கே குற்றம் நடக்கலாம். உணர்வு மட்டும் லண்டனில் எழக்கூடாது.

மகள் தைக்கிற அந்தப் பொறுப்பான சட்டையில் ஒரு தையல் கோணியிருந்தால் கழித்துவிடுவார்கள். அது புறக்கோட்டைக்கு வரும். அங்கிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் நடைபாதைக்கு ஏறும். கழுத்துப்பட்டியைப் புரட்டிப் பாருங்கள்: லேபிளின் குறுக்கே கத்தரிக்கோலால் ஒரு கீறல், அல்லது கறுப்பு மையில் ஒரு கோடு. அம்மா அதைத் தடவிப் பார்த்து, பேரம் பேசி, தம்பிக்கு வாங்கிப் போவாள். அந்தச் சட்டையில் நியாய வர்த்தகம் இருந்ததா, இயற்கைப் பருத்தி இருந்ததா, ஒன்றும் தெரியாது. அறத்தை வெட்டியெடுத்துவிட்டுத் துணியை மட்டும் நமக்கு விற்கிறார்கள். அறம் ஏற்றுமதித் தரம்.

லபுக்கலை, ரம்பொடை வழியாகப் போகிறவர்கள் இன்னொரு காட்சியையும் பார்த்திருப்பார்கள். தேயிலைச் செடி நடுவே பளிச்சென்ற சேலையில், கழுத்தில் மணியோடு, கூடை மாட்டிச் சிரித்துக்கொண்டு ஒரு பெண். சுற்றுலாக்காரர் படம் எடுத்து நூறு, இருநூறு கொடுப்பார். உண்மையில் கொழுந்தெடுக்கிறவள் இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டியிருப்பாள். சாக்கு, உரப்பை, பிளாஸ்டிக் விரிப்பு, எது கிடைத்ததோ அது. அது படத்துக்கு ஆகாது. லினன் சட்டை போட்ட அந்த விருந்தாளி ஊருக்குப் போய்ப் படத்தைப் போட்டு, இந்த மக்கள் எவ்வளவு எளிமையாக, இயற்கையோடு இயைந்து வாழ்கிறார்கள் என்று எழுதுவார். இயைந்துதான் வாழ்கிறோம் ஐயா. வேறு வழி வைத்தீர்களா?

வாரத்துக்கு ஒரு புது டிசைன், மூன்று முறை போட்டுக் குப்பையில் எறிவது என்கிற நோய் நிசமான நோய். கானாவின் கண்டமாண்டோ சந்தையிலும் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலும் போய் மலையாய்க் குவிகிற உடுப்பெல்லாம் லயத்துக் கொடியிலிருந்து போனதில்லை. நோய் அலுமாரி நிறைந்த வீட்டில். மருந்துச்சீட்டு மட்டும் கொடிக்குக்கூட இடமில்லாத வீட்டுக்கு.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து கொத்மலையையும் ரம்பொடையையும் மண்ணோடு இழுத்தபோது, லயங்களை விட்டு ஓடியவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் ஒண்டினார்கள். இப்படி எந்தப் பேரிடர் வந்தாலும் நிவாரண மூட்டையில் துணி எப்படி வரும் என்று மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். நல்ல மனசோடு புதுத் துணி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். மற்ற மூட்டைகளை அவிழ்த்தால் சரிகை உதிர்ந்த பார்ட்டி கவுன், சிப் போன ஜீன்ஸ், ஜோடி இல்லாத காலுறை. லொறிக்கு முன்னால் பதாகை பிடித்துப் படமும் எடுத்தாகிவிடும். அன்றைக்குச் சில அலுமாரிகள் உண்மையாகவே நிலைபேறு அடைந்திருக்கும்.

சரிந்த மலைக்கு அடியில் மறுபடி லயத்தையே கட்டித் தரப்போகிறீர்களா, காணி தரப்போகிறீர்களா? ஏழு பேர்ச்சா, பத்துப் பேர்ச்சா, இருபதா என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பேரம் பேசியாயிற்று. துணி மூட்டை வேண்டாம். உறுதியோடு காணியைக் கொண்டுவாருங்கள். வெயில் படுகிற பக்கமாகப் பார்த்துக் கொடியை நாங்களே கட்டிக்கொள்கிறோம். அதில் பருத்தியைக் காயப்போடுவாயா பொலியெஸ்டரைக் காயப்போடுவாயா என்று அதற்குப் பிறகு வந்து கேளுங்கள், சொல்கிறோம்.