பாய்ந்தால் அவுட்!

கேள்வி: வேகமாகப் பாய்ந்தால் குதிரையை வெளியேற்றும் பந்தயம் உண்டாமே?

பதில்: உண்டு. பாரிஸின் வென்சென் மைதானத்தில் ஜனவரிக் கடைசியில் நடக்கும் ‘ப்ரி தமெரிக்’. முதல் உலகப் போரில் கைகொடுத்த அமெரிக்காவுக்கு மரியாதையாக 1920-ல் தொடங்கினார்கள். போருக்கு வந்தது மனிதர்கள், நன்றிக்கடனுக்கு மூச்சிரைப்பது குதிரைகள்! இரு சக்கர வண்டியை இழுத்துக்கொண்டு 2,700 மீட்டரையும், குறுக்குக் கால்கள் ஜோடியாக விழும் ‘ட்ராட்’ நடையிலேயே கடக்க வேண்டும். நாலுகால் பாய்ச்சலில் இறங்கி, உடனே ட்ராட்டுக்குத் திரும்பாவிட்டால் அம்பேல்.

ஊராசி என்ற குதிரை 1986, 87, 88, 90 என நான்கு முறை ஜெயித்தது. பந்தயத்துக்கு முன் அது காட்டிய அசமந்தத்தைப் பார்த்து, பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘சோம்பேறி ராஜா’. அப்படியானால் தோற்றவற்றை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ!