கறிவேப்பிலைக்குப் போன கார்

ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டால் போதும், எனக்குள் தூங்கும் பொருளாதார நிபுணர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். 2013-இல் அரசாங்கம் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய்தானே, மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர் தெற்கு மாட வீதி அதைவிடக் கிட்டத்தில்தானே என்று நடுத்தெருவில் வாதாடுவார். "அப்போ அரிசி என்ன விலை, இப்போ என்ன விலை சார்?" என்பார் ஆட்டோக்காரர். நியாயமான கேள்வி. அதனாலேயே பதில் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பிக் காரை எடுப்பேன். கார் எதுவும் கேட்காது.

கேட்காமலே எடுத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தவன் என் மச்சினன். ஆடிட்டர். நம் வீட்டில் காபி குடித்தாலும் டம்ளருக்குத் தேய்மானம் எழுதுகிறவன்.

"அத்தான், வண்டி எட்டு லட்சம். அஞ்சாவது வருஷம் இன்சூரன்ஸ்ல பாதி மதிப்புதான் போடுவாங்க. நாலு லட்சம் போச்சு. ஒரு நாளைக்கு 219 ரூபா."

"வண்டியை எடுக்காவிட்டாலுமா?"

"உறை போட்டு மூடி வெச்சாலும். மூணாம் நபர் இன்சூரன்ஸ் வேற, 1,000 சிசிக்கு மேல 1,500 வரைக்கும் வருஷத்துக்கு 3,416, வரி தனி."

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் 219 போகிறதென்றால், எடுப்பதுதானே லாபம்? இதைக் கேட்டதும் அவன் பேனாவை மூடிவிட்டான். கறிவேப்பிலைக்குக்கூடக் காரில் போவதற்கு அன்று முதல் எனக்குத் தணிக்கை செய்யப்பட்ட காரணம் கிடைத்தது.

அதை உடைத்தவர் மெக்கானிக். டிப்ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, "கிட்டக் கிட்டவே ஓட்றீங்களா சார்?" என்றார். ஆயிலில் பெட்ரோல் வாசனையாம். எஞ்சின் சூடாகாமலே நிறுத்தினால் அப்படித்தானாம். சென்னையில், மே மாதத்தில், ஸ்டீயரிங்கைத் தொட்டால் உள்ளங்கை பொரிகிற மதியத்தில், ஒரு மனிதர் என் எஞ்சின் குளிர்ந்து கிடக்கிறது என்கிறார்! ஆனால் அவர் சொன்னது சரி. வெளியே வெயில் நாற்பது டிகிரி என்றால் எஞ்சின் கேட்பது தொண்ணூறு. அதுவரை ஆயில் கெட்டியாகவே இருக்கும், பெட்ரோலும் கூடுதலாகப் பாயும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். சைலன்சர் சூடேறினால் அது வெளியே போகும், இல்லையென்றால் உள்ளேயே தங்கித் துரு பிடிக்க வைக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கருவியும் முந்நூறு டிகிரியை நெருங்கினால்தான் கண் விழிக்கும். அதற்குள் நான் கடை வாசலில் இருப்பேன்.

வண்டியோடு தந்த கையேட்டை முதல் முறையாகப் பிரித்தேன். 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பட்டியல், அவர்களெல்லாம் சீக்கிரமே ஆயில் மாற்ற வேண்டும். புழுதிக்காட்டில் ஓட்டுகிறவர்கள், பாரம் இழுக்கிறவர்கள், மலை ஏறுகிறவர்கள். அவர்களுக்கு நடுவே, அடிக்கடி குறுந்தூரம் போகிற நான்! சாகசக்காரன் என்று யாரும் என்னை இதுவரை இவ்வளவு மறைமுகமாகப் பாராட்டியதில்லை.

நிறுத்த இடம் தேடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட பாதையில் திரும்பி, இடம் கிடைக்காமல் மாட வீதிகளைச் சுற்றியதில் கபாலீசுவரருக்கு நான் செய்த பிரதட்சிணங்கள் தனிக் கணக்கு. கடைசியில் நிறுத்துகிற இடத்திலிருந்து கடைக்கு நடக்கிற தூரத்தில் வீடே வந்துவிடும்.

இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1974-இலேயே ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். சராசரி அமெரிக்கர் காரை ஓட்ட, நிறுத்த, அதற்கான பணத்தைச் சம்பாதிக்க என்று வருஷத்துக்கு 1,600 மணி நேரத்துக்கு மேல் செலவழிக்கிறார். போவதோ 7,500 மைல். வகுத்தால் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர்கூட இல்லை. அமெரிக்காவில் அது அதிர்ச்சியாக இருந்திருக்கலாம். தெற்கு மாட வீதியில் எனக்கு எட்டு என்பது பேராசை. பங்குனியில் தேர் நகர்கிற வேகத்தில்தான் நான் போகிறேன், வடம் பிடிக்கத்தான் ஆளில்லை.

இத்தனைக்கும் கறிவேப்பிலை கொசுறு. காய் வாங்கினால் சும்மா கிடைக்கும்.

பிறகு நானும் மனைவியும் நடக்க ஆரம்பித்தோம். உடம்பு இளைத்ததோ இல்லையோ, காரின் பேட்டரி இறங்கிவிட்டது. அதே மெக்கானிக்தான் வந்தார். "சும்மா நிறுத்தி வெக்காதீங்க சார். வாரத்துக்கு ஒருக்கா, முக்கால் மணி நேரமாவது ஒரே ஓட்டமா ஓட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பேட்டரியை ஏற்றக் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும், திரும்பலாமா என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, காஞ்சிபுரம் இதோ இருக்கு. பேட்டரிக்கும் நல்லதுதானேங்க?" என்றாள்.

பட்டுப் புடவைக்கு எத்தனை சதவீதம் தேய்மானம் என்று கடையிலிருந்தே மச்சினனுக்குப் போன் போட்டேன். அவன் எடுக்கவில்லை.