பூட்டுக்குள் உடைந்த சாவி

கேள்வி: பூச்சிமருந்து குடித்தவரின் நரம்பு நொதி செத்தே போய்விடுமா? மீட்கவே முடியாதா?

பதில்: சாகாது, வாய் அடைபட்டுக் கிடக்கும். அசிடைல்கோலினெஸ்டரேஸ் என்ற அந்த நொதிதான் நரம்பின் துப்புரவுப் பணியாளர். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தில் உள்ள பாஸ்பரஸ், பூட்டுக்குள் உடைந்த சாவி மாதிரி அதில் சிக்கிக்கொள்கிறது. குப்பை அள்ள ஆளில்லை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வாயில் நுரை தள்ளும், மூச்சு திணறும்.

இந்த வினையும் தீர்வும் ஜெர்மனியிலேயே பிறந்தவை. 1936இல் லெவர்குசனில் பூச்சிகளைக் கொல்ல மருந்து தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடர் கையில் சிக்கியது தபூன் என்ற போர் நஞ்சு. 1964இல் ஃபிரைபர்க் வேதியியலாளர்கள் லுட்ரிங்ஹவுஸும் ஹகெடோர்னும் தந்தது ஒபிடாக்சிம் என்ற குட்டி மூலக்கூறு. அது உள்ளே நுழைந்து, பாஸ்பரஸைத் தன்னோடு ஒட்டவைத்து இழுத்துக்கொண்டு வெளியேறும். நொதி எழுந்து வேலையைத் தொடங்கும். 2020இல் பெர்லின் ஷரிட்டே மருத்துவமனையில் நரம்பு நஞ்சுக்கு ஆளான ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு அட்ரோபின் என்ற மருந்துடன் கொடுத்ததும் இதைத்தான்.

ஆனால் நேரம் போனால் போனதுதான். சிக்கிய நஞ்சு தன் ஒரு கிளையை உதிர்த்துவிட்டு நொதியோடு இறுகிவிடும். இதற்கு 'மூப்படைதல்' என்று பெயர். அப்புறம் ஒபிடாக்சிம் போன்ற எந்த ஆக்சிம் மருந்தும் அதை அசைக்காது. சோமன் என்ற போர் நஞ்சில் இது சில நிமிடங்களில் முடிந்துவிடும். வயல் மருந்துகளில் சில மணி நேரம் முதல் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். அதனால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். மருந்து டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு 108க்கு அடியுங்கள்.