முனகலியல்: கெர்பல் ஆட்டக்காரர் கருத்துரைகள் குறித்து ஓர் ஆய்வு

விண்வெளி இயற்பியலை அடியொற்றிய கணினி விளையாட்டுகளைப் பற்றி ஆட்டக்காரர் உதிர்க்கும் கருத்துகள் இதுகாறும் முறையாகத் தொகுக்கப்படாதது தமிழ் ஆய்வுலகுக்குப் பேரிழப்பு. அதை ஈடுசெய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை மதுரை கே.கே. நகர், அதாவது மாட்டுத்தாவணிக்கும் அண்ணா நகருக்கும் இடையே, நள்ளிரவிலும் திரை வெளிச்சம் அணையாத சன்னல்கள். எல்லையை வகுத்துவிட்டால் பாதி ஆய்வு முடிந்தது என்பது நம் பல்கலைக்கழகங்களின் நெடுநாள் வழக்கு. முதன்மைச் சான்று 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்'. மெக்சிகோ நகரத்து ஸ்குவாட் நிறுவனம் 2011இல் வெளியிடத் தொடங்கி 2015இல் முழுமையாக்கிய ஆட்டம் இது. பச்சை நிறக் குட்டி ஆட்களை ராக்கெட்டில் ஏற்றி அனுப்ப வேண்டும். அவர்கள் திரும்பி வருவது அனுப்பியவர் போட்ட கணக்கைப் பொறுத்தது. ஆட்டக்காரரின் முனகலெல்லாம் ஒரு சான்றா என்று கேட்போர் ஊர்க்கதை அறியாதவர். இறையனார் களவியலுக்குப் புலவர்கள் கண்ட உரைகளுள் எது மெய்யுரை என்பதை, ஊமைப் பிள்ளை உருத்திரசன்மன் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்ததைக் கொண்டே இம்மதுரையில் முடிவுசெய்தார்கள் என்கிறது அந்நூலின் உரை. நடுவர் பேசாதவர், பேசுபவராக இருந்திருந்தால் தீர்ப்பு இன்னும் வந்திருக்காது.

கருத்துரை நால்வகைப்படும். ஏவுமுன் எழுவது பெருமிதம்; அது யாவரும் அறிந்ததே. வெடித்தபின் எழுவது சிரிப்பு, விரிவஞ்சி விடுத்தாம். எரிபொருள் தீர்ந்தபின் நிலவுவது மௌனம். இதற்கு மேற்கோள் தர இயலாது. நான்காவதே முனகல். நம் துணிபு இது: இயற்பியல் பொய்யாக உள்ள ஆட்டத்தில் தோற்றவன் ஆட்டத்தைத் திட்டுவான், மெய்யாக உள்ள ஆட்டத்தில் தோற்றவன் தன்னைத் திட்டிக்கொள்வான். ஆகவே யார்மேல் வசை விழுகிறது என்பதைக் கொண்டே ஓர் ஆட்டத்தின் இயற்பியலை அளந்துவிடலாம் (காண்க: மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி, கிழக்குச் சுவர், மூன்றாம் கரிக்கோடு).

முனகலின் தாய்வீடு டாக்கிங், அதாவது சுற்றுப்பாதையில் இரு கலங்களை இணைப்பது. முன்னே போகும் ஷேர் ஆட்டோவை எட்டிப்பிடிக்க ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பழகிய கை, அங்கேயும் எஞ்சினைத்தான் முடுக்கும். முடுக்கினால் பாதை உயரும். பாதை உயர்ந்தால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடும். துரத்திய கலம் பின்தங்கும். முன்னதைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ இறங்க வேண்டும். தாழ்ந்த பாதையில் சுற்று விரைவில் முடியும். இதை முதன்முறை உணரும் கணத்தில் 'அட, நான்தான்டா தப்பு' என்ற முனகல் பிறக்கிறது (காண்க: மேற்படி தொட்டி, மேற்குச் சுவர்; அங்குள்ள கரிக்கோடு கிழக்குச் சுவரைப் பார்க்கச் சொல்கிறது). இது கே.கே. நகருக்கே உரிய முனகல் அன்று. 1965 ஜூனில் அமெரிக்க விண்கலமான ஜெமினி 4இல் பறந்த மெக்டிவிட், தம் ராக்கெட்டின் கழன்ற பகுதியை நெருங்க அதை நோக்கியே உந்தினார். அது விலகி விலகிப் போனது. எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், முயற்சி கைவிடப்பட்டது. விண்வெளிச் சந்திப்பைப் பற்றி எம்.ஐ.டி.யில் 1963இல் முனைவர் ஆய்வேடே எழுதியவர் பின்னாளில் விண்வெளி வீரரான ஆல்ட்ரின். முனைவர் பட்டம் பெற்றவர் அத்துறை வேலையைச் செய்தும் காட்டிய அரிய நிகழ்வாக அவரைத் தனியே குறிக்க வேண்டும். நம் இஸ்ரோவும் 2024 டிசம்பர் 30இல் ஏவிய ஸ்பேடெக்ஸ் இணைக்கோள்களை உடனே இணைத்துவிடவில்லை. இணைப்பை ஒத்திவைத்து, ஜனவரி 12இல் மூன்று மீட்டர்வரை நெருங்கவிட்டுப் பின்னிழுத்து, 16ஆம் தேதிதான் இணைத்தது. அந்த மூன்று மீட்டரில் எழுந்த முனகல் பதிவானதாகத் தெரியவில்லை. ஆயினும் எழுந்திருக்கும் என்பது கடல்கொண்ட சுவடியின் மூன்றாம் படியால் உறுதி. அதன் பதிப்பாசிரியர் மூலத்தைக் கண்டவரல்லர். ஆனால் கண்டதாகச் சொன்னவர்களை மூன்று தொகுதிகளில் மறுத்திருக்கிறார். கிடைக்காத ஏடே வலிய சான்று, அதை எவரும் சரிபார்க்க முடியாதாகலின்.

அஃதேல், ஆட்டத்தின் கெர்பின் என்னும் கோளுக்கு ஆரம் 600 கிலோமீட்டரே, பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மேற்பரப்பு ஈர்ப்போ பூமிக்கு நிகர். இத்தனை அடர்த்தியான கோள் உண்டோ எனின், இல்லை. சிறுகோள் ஆட்டக்காரரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது, விதியை மாற்றவில்லை. தாழ்ந்த பாதை விரைவுப் பாதை என்பது அங்கும் செல்லும். அளவு பொய், உறவு மெய். ஊரின் வரைபடத்துக்கும் இதுவே நிலை.

அற்றேல், அவ்வாட்டம் ஒரு நேரத்தில் ஒரே கோளின் ஈர்ப்பைத்தான் கணக்கிடுகிறது, ஆகவே இரு ஈர்ப்புகளுக்கிடையே கலம் நிலைகொள்ளும் லக்ராஞ்சு புள்ளி என ஒன்று அங்கே இல்லை எனின், இது வலுவான தடை. செங்கோட்டை நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து, 2024 ஜனவரி 6இல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிலைநிறுத்திய ஆதித்யா எல்1 கலத்தை அவ்வாட்டத்தில் நிறுத்த இடமே கிடையாது. இரு ஈர்ப்புகளுக்கும் நடுவே நிறுத்திப் பார்த்தவர் கலம் நழுவுவதைக் கண்டு யாரைத் திட்டுகிறார்? ஆட்டத்தை. நெடுந்தொலைவில் கணினியின் மிதவைப் புள்ளிக் கணக்கு பிசகி, காரணமின்றிக் கலம் சிதறும்போதும் வசை ஆட்டத்தின்மேல்தான். அப்பிழைக்குக் கடற்பூதத்தின் பெயரால் 'கிராக்கன்' என்று பெயரிட்டு, பூதத்தையும் சேர்த்துத் திட்டினார்கள். 2023 பிப்ரவரியில் அரைகுறையாக வந்த இரண்டாம் பாகத்துக்குக் கிடைத்த அர்ச்சனையில் தன்வசை தேடினாலும் அகப்படாது. தடை சொல்ல வந்தவர் நம் துணிபுக்கே சான்று தந்துவிட்டார். கருத்தரங்குகளில் இது அன்றாடம் நடப்பதே.

எனவே இத்துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்ய எண்ணுவோர், முதல் இயலில் மதுரையின் தொன்மையையும் இரண்டாம் இயலில் முதல் இயலின் சுருக்கத்தையும் எழுதுவதைத் தவிர்க்க வேண்டுகிறோம். வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளருக்கும் ஒரு விண்ணப்பம்: மாணவரைக் கேள்வி கேட்குமுன் ஐயா அவர்கள் ஒரே ஒரு டாக்கிங் செய்துவிட்டு வரட்டும், சான்றிதழ் வேண்டாம், முனகல் போதும்.